விசா வருத்தம்

"அவருக்கு விசா வருத்தம்."

இந்த வார்த்தையைக் குசினியில் முதன்முதலாகக் கேட்டபோது மற்றவர்களோடு சேர்ந்து நாமும் சிரித்தோம். அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

எமது றெஸ்ரோறன்றில் கோப்பை கழுவும் இடத்தில் நிற்பவர் வயதில் எம்மைவிட மூத்தவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். ஒரு சனிக்கிழமை இரவு, மேசைகள் நிரம்பியிருந்த நேரம், யாரோ இரும்புத் தட்டங்களை அடுக்கோடு கைநழுவ விட்டார்கள். அண்ணை கழுவுதொட்டிக்குக் கீழே புகுந்து குந்திக்கொண்டார். இரண்டு கைகளாலும் தலையைப் பொத்தியிருந்தார். காதுவழியே சவர்க்கார நுரை வழிந்தது. அவரை வெளியே எடுக்க எமக்குக் கால்மணித்தியாலம் பிடித்தது. அதற்குப் பிறகுதான் அவர் மனநல சிகிச்சைக்குப் போய்வருவது எல்லோருக்கும் தெரியவந்தது. பீட்சா அடுப்பில் நிற்கும் எம்மவர் ஒருவர்தான் பெயர் வைத்தார். "உது விசா வருத்தம் தம்பி. கார்ட் கையிலை கிடைச்ச அடுத்தநாள் சுகமாயிடும்."

இக்கட்டுரை அந்தப் பெயருக்கு எதிரானது. அதைச் சொன்ன மனிதருக்கு எதிரானதல்ல. அவரும் பன்னிரண்டு மணித்தியாலம் அடுப்போடு நிற்பவர். அவர் தன் சொந்தப் பகிடி என்று நினைத்துச் சொன்னது, உண்மையில் நூறு வருடங்களுக்கு முன் இந்த நாட்டின் பேராசிரியர்கள் சொல்லிவைத்தது. எம்மவர் வாயிலிருந்து வருவது அவர்களுடைய குரல். இதைத்தான் நாம் காட்ட விரும்புகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாம் உளவியலில் பட்டமோ பயிற்சியோ பெற்றவர்கள் அல்லர். பல்கலைக்கழகத்தில் மெய்யியலை இரண்டு வருடம் படித்து இடையில் விட்டுவிட்டு ஓடிவந்தவர்கள். மதிய வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் கிடைக்கிற இரண்டரை மணித்தியாலத்தில், நகர நூலகத்தில் இரவல் எடுத்த டொச் புத்தகங்களையும் ஒரு அகராதியையும் வைத்துக்கொண்டு படித்தவைதான் இவை. எமது சஞ்சிகைகளில் பிராய்டின் பெயரும் லக்கானின் பெயரும் கவிதை விமர்சனங்களுக்குள் வந்துபோவதைப் பார்த்திருக்கிறோம். எமக்குப் பக்கத்தில் நின்று கோப்பை கழுவுகிறவனுக்கு ஏன் நித்திரை வருவதில்லை என்று கேட்க அந்தப் பெயர்கள் பயன்படுத்தப்பட்டதைப் பார்த்ததில்லை.

சரி, கதைக்கு வருவோம்.

1884 இல் பிஸ்மார்க்கின் அரசு தொழிலாளருக்கான விபத்துக் காப்புறுதிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தொழிற்சாலையில் கை நசுங்கினால் பென்சன் உண்டு. நசுங்கிய கையைக் காட்டலாம். ஆனால் ஒரு புகையிரத விபத்தில் உடம்பில் கீறல்கூட இல்லாமல் தப்பி, பிறகு நித்திரையில்லாமல், கைகால் நடுங்கி, இரும்புச் சத்தம் கேட்டால் வியர்த்து, வேலைக்குப் போக முடியாமல் கிடப்பவன் எதைக் காட்டுவான்? பேர்லினில் நரம்பியல் வைத்தியராக இருந்த ஹெர்மன் ஒப்பன்ஹைம் 1889 இல் இப்படியானவர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதிர்ச்சி நரம்பு மண்டலத்திலேயே கண்ணுக்குத் தெரியாத மாற்றத்தை ஏற்படுத்துகிறது, எனவே இதுவும் விபத்தின் விளைவே என்பது அவருடைய வாதம். அந்தக் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் பற்றிய அவருடைய விளக்கம் பிழையாக இருக்கலாம். ஆனால் வருத்தம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அவர் கொடுத்த பதில் தொழிலாளியின் பக்கம் நின்றது.

மற்ற வைத்தியர்கள் விடுவார்களா? இது விபத்தால் வந்த நோயல்ல, பென்சன் ஆசையால் வந்த நோய் என்றார்கள். அதற்கு 'றென்ரன்நொய்றோஸ' என்று பெயரும் வைத்தார்கள். எமது மொழியில் சொன்னால், பென்சன் வருத்தம்.

முதலாம் உலகப் போர் வந்தது. அகழிகளிலிருந்து ஆயிரக்கணக்கில் நடுங்கும் சிப்பாய்கள் திரும்பி வந்தார்கள். நிற்க முடியாதவர்கள், வாய் பேசாதவர்கள், கண் தெரியாதவர்கள். 1916 இல் மியூனிக்கில் கூடிய நரம்பியல், மனநோய் வைத்தியர்கள் ஒப்பன்ஹைமைத் தோற்கடித்தார்கள். குண்டு அல்ல காரணம், சிப்பாயின் பலவீனமான பிறவிக்குணமும் போர்முனைக்குத் திரும்ப விரும்பாத ஆசையுமே காரணம் என்பது வென்ற கட்சி. அதே காலத்தில் பிரிட்ஸ் கௌப்மன் என்ற வைத்தியரின் முறை பரவியது. உடம்பில் பலத்த மின்சாரம் பாய்ச்சி, படைக் கட்டளைத் தொனியில் உத்தரவு கொடுத்து, சுகமாகும்வரை நிறுத்தாமல் செய்வது. இதற்கும் சிகிச்சை என்றுதான் பெயர். 1926 இல் காப்புறுதி அலுவலகமும் ஒத்துக்கொண்டது: இவ்வகை நரம்பு நோய்க்கு நட்டஈடு இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நடந்ததுதான் எமது இரத்தத்தை உறைய வைத்தது. வதைமுகாம்களிலிருந்து உயிர்தப்பியவர்களுக்கு நட்டஈடு கொடுக்க மேற்கு ஜேர்மனி 1950களில் சட்டம் இயற்றியது. உடல்நலக் கேட்டுக்குப் பென்சன் பெறவேண்டுமானால், உழைக்கும் திறன் குறைந்தது 25 வீதம் கெட்டிருக்க வேண்டும், அது துன்புறுத்தலால்தான் கெட்டது என்று நிறுவப்படவும் வேண்டும். நிறுவுவது யார்? மதிப்பீட்டு வைத்தியர்கள். அவர்கள் படித்து வந்தது அதே 1916 இன் பாடம்: ஆரோக்கியமான மனம் எதையும் தாங்கி மீளும், மீளாவிட்டால் பிறவிக் குறை. அவுஷ்விட்சிலிருந்து வந்தவரின் நித்திரையின்மைக்குப் பிறவிக் குறை காரணமாம்! வியன்னாவிலிருந்து 1938 இல் தப்பி அமெரிக்கா போன உளப்பகுப்பாளர் குர்ட் ஐஸ்லர், 1963 இல் இங்கே வெளிவரும் 'சீக்க' என்ற உளப்பகுப்பு இதழில் ஒரு கட்டுரை எழுதினார். எத்தனை பிள்ளைகள் கொல்லப்படுவதை ஒரு மனிதன் நோய்க்குறி எதுவுமின்றித் தாங்கினால் அவனை இயல்பான உடல்வாகு உள்ளவன் என்பீர்கள் என்ற கேள்வியையே அதற்குத் தலைப்பாக வைத்தார். அந்தத் தலைப்பை நாம் அகராதி பார்த்துப் புரிந்துகொண்டபோது பின்னேரம் ஐந்து மணி. வெங்காயம் உரிக்கப் போகவேண்டியிருந்தது.

தொழிலாளி நடுங்கினால் பென்சனுக்கு. சிப்பாய் நடுங்கினால் விடுமுறைக்கு. யூதர் நடுங்கினால் நட்டஈட்டுக்கு. நாம் நடுங்கினால் விசாவுக்கு. கொடுக்கவேண்டிய ஒன்று அரசின் கையில் இருக்கும்போதெல்லாம் நடுங்குகிறவன் நடிகனாகிவிடுகிறான். பீட்சா அடுப்பில் நிற்கும் எமது நண்பருக்கு இப்போது தன் பகிடியின் பூர்வீகம் விளங்கும் என்று நினைக்கிறோம்.

உளச்சிகிச்சையின் பள்ளிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக அவற்றின் நுட்பங்களை வரிசைப்படுத்துவார்கள். ஒன்றில் சாய்ந்து படுக்க வேண்டும், ஒன்றில் கதிரையில் இருக்க வேண்டும், ஒன்றில் வீட்டுவேலை தருவார்கள். எமக்கு அது முக்கியமல்ல. ஒவ்வொரு பள்ளியையும் பார்த்து நாம் ஒரே கேள்வியைக் கேட்கிறோம்: வருத்தம் எங்கே இருக்கிறது? அண்ணைக்கு உள்ளேயா, வெளியேயா?

பிராய்ட் ஆரம்பத்தில் வெளியே என்றார். 1896 இல், தன்னிடம் வந்தவர்களின் நோய்க்குச் சிறுவயதில் அவர்கள்மீது நடந்த பாலியல் வன்முறையே காரணம் என்று எழுதினார். அடுத்த வருடமே பின்வாங்கினார். நடந்த சம்பவத்தைவிட உள்ளே இருக்கும் ஆசையும், அதை அமுக்கும் தடையும், இரண்டின் மோதலும் முக்கியமாகின. அமுக்கப்பட்டது அழிவதில்லை, வேறு உருவெடுத்துத் திரும்பி வருகிறது, தடையின்றிக் கதைக்க விட்டால் அது பிடிபடும் என்பது அதன் அடிப்படை. வன்முறை நடப்பதே இல்லை என்று பிராய்ட் சொன்னதில்லை. அதை நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆனால் கண்ணாடி உள்நோக்கித் திரும்பிவிட்டது. எமக்கு அது உதவாத கண்ணாடி என்றும் சொல்லமாட்டோம். அண்ணை தன் தங்கையைக் காப்பாற்றாமல் ஓடியதாகத் தன்னையே ஏசிக்கொள்வது குண்டின் வேலை மட்டுமல்ல. அந்தக் குற்ற உணர்வுக்கு உள்ளே ஒரு வேர் இருக்கிறது. இங்கே காப்புறுதி 1967 இலிருந்து இச்சிகிச்சைக்குப் பணம் கொடுக்கிறது, முழு உளப்பகுப்புக்கு இன்று 300 மணித்தியாலம்வரை. முந்நூறு மணித்தியாலத்தை எந்த முதலாளி எமக்குத் தருவான் என்பது வேறு கதை.

பிராய்டின் சீடர்களுக்கு இந்தக் கேள்வி தெரியாமல் இருக்கவில்லை. ஏழைகளுக்கும் மனத்துக்கு வைத்தியம் பெற உரிமை உண்டு என்று பிராய்ட் 1918 இல் புடாபெஸ்ற்றில் பேசினார். 1920 பெப்ரவரியில் மக்ஸ் ஐற்றிங்கனும் ஏர்ண்ஸ்ற் சிம்மலும் பேர்லினில் ஒரு சிகிச்சை நிலையம் திறந்தார்கள். காசுள்ளவன் முடிந்ததைக் கொடுத்தான், இல்லாதவன் சும்மா வந்தான். போரில் நடுங்கிய சிப்பாய்களுக்கு மின்சாரம் கொடுக்காமல் கதைக்க விட்டுச் சிகிச்சை செய்தவர்தான் இந்தச் சிம்மல். பிறகு 1933. பிராய்டின் புத்தகங்கள் எரிந்தன. ஐற்றிங்கன் பலஸ்தீனத்துக்கு, சிம்மல் அமெரிக்காவுக்கு, பின்னாளில் கெஸ்ராற் சிகிச்சையை உருவாக்கிய பிரிட்ஸ் பேர்ள்ஸ் நெதர்லாந்துக்கும் அங்கிருந்து தென்னாபிரிக்காவுக்கும். 1936 இல் ஹெர்மன் கோறிங்கின் உறவினர் ஒருவர் தலைமையில் புதிய 'ஜேர்மன்' உளச்சிகிச்சை நிறுவனம் எழுந்தது. பிராய்ட் 1938 இல் எண்பத்திரண்டு வயதில் லண்டனுக்குப் போய் அடுத்த வருடம் அங்கேயே இறந்தார். அகதியாக. இன்று உலகம் முழுக்கப் படிக்கும் இந்த வித்தையைப் பெருமளவில் பரப்பியது பெட்டியோடு எல்லை தாண்டியவர்கள். ஜேர்மன் வைத்தியரின் முன் கூச்சத்தோடு கதிரை நுனியில் குந்தும் எம்மவருக்கு இதைச் சொல்லவேண்டும்: இந்தத் தொழில் அகதிகளின் தொழிலும்தான்.

நடத்தைச் சிகிச்சைக்காரர்கள் உள்ளே, வெளியே என்று தலையை உடைப்பதில்லை. பயம் கற்றுக்கொண்ட பழக்கம், கற்றதை அவிழ்க்கலாம் என்பார்கள். பாவ்லோவின் நாய் மணிச்சத்தத்துக்கு வாயூறியது எல்லோருக்கும் தெரியும். தென்னாபிரிக்க இராணுவத்தில் வைத்தியராக இருந்து, போரால் மனம் கெட்ட சிப்பாய்களைப் பார்த்த ஜோசப் வோல்ப்ப, 1958 இல் இதைச் சிகிச்சையாக எழுதினார். பயப்படும் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ள வைப்பது. ஆபத்து வராமலே இருக்க, பயம் தேய்ந்துபோகும். 1987 இல் இங்கே காப்புறுதிப் பட்டியலுக்குள் வந்தது. மிகவும் பயனுள்ள முறை என்பதை ஏற்கிறோம். தட்டம் விழும் சத்தத்துக்கு இது சரி. தட்டம் விழும், குண்டு வராது, மனம் மெல்லப் படித்துக்கொள்ளும். ஆனால் மஞ்சள் உறைக்கு? அலுவலகங்களும் நீதிமன்றங்களும் கையளிப்புப் பதிவோடு அனுப்பும் அந்த மஞ்சள் உறையைத் தபால்பெட்டியில் கண்டால் அண்ணைக்கு வயிறு கலக்கும். அது வீண் பயமா? மணி அடித்த பிறகு ஒருநாளும் எதுவும் வராது என்று உறுதியாகத் தெரிந்தால்தான் நாய் மறக்கும். எமது மணி அடித்தால் இன்னமும் வரலாம்.

அறிவாற்றல் சிகிச்சையோடும் எமக்கு இதே வழக்குத்தான். அமெரிக்காவில் 1960களில் ஆரன் பெக் தொடக்கியது. நிகழ்ச்சி அல்ல, நிகழ்ச்சியைப் பற்றிய எண்ணமே மனிதனை வாட்டுகிறது, எண்ணம் கோணலாக இருந்தால் சான்று கேட்டு நிமிர்த்தலாம். ஒரு தாளில் எண்ணத்தை எழுது, ஆதரவான சான்று, எதிரான சான்று. அண்ணையும் எழுதினார். எண்ணம்: என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆதரவான சான்று: நிராகரிப்புக் கடிதம், பதினாறு பக்கம். எதிரான சான்று என்ற இடம் வெறுமையாக இருந்தது. சிகிச்சையாளரும் அதைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்தார். நல்ல பெண்மணி.

கார்ல் றொஜர்ஸின் பள்ளி எம்மை அதிகம் கவர்ந்தது. மனிதன் வளரக்கூடியவன், அவனை நிபந்தனையின்றி மதித்து, மெய்யாகக் கேட்டால் அவனே தன் வழியைக் காண்பான் என்பது அதன் அத்திவாரம். நிபந்தனையற்ற மதிப்பு! குசினியில் அதைத் தேடிப்பார்த்தோம். வெளிநாட்டவர் அலுவலகத்திலும் தேடினோம். காப்புறுதியும் தேடியிருக்கும் போலும், வயதுவந்தவர்களுக்கு இச்சிகிச்சையைத் தன் பட்டியலில் சேர்க்கவேயில்லை.

அடுத்தது அமைப்புச் சிகிச்சை. இது 2020 இல்தான் பட்டியலுக்குள் வந்தது. வருத்தம் ஒருவருக்குள் இல்லை, ஆட்களுக்கு இடையில் இருக்கிறது என்கிறது. 1956 இல் கிரெகரி பேற்சனும் நண்பர்களும் இரட்டைக் கட்டு என்ற ஒன்றை விவரித்தார்கள். ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கட்டளைகள், எதைச் செய்தாலும் குற்றம், விலகிப் போகவும் வழியில்லை. அவர்கள் குடும்பங்களைப் பார்த்து எழுதினார்கள். எமக்கோ அலுவலகம்தான் ஞாபகம் வந்தது. நிராகரிக்கப்பட்டவனிடம் அலுவலகம் சொல்கிறது: உன் அடையாளத்தை நிரூபி, பாஸ்போட் கொண்டுவா, இல்லாவிட்டால் வேலை அனுமதி இல்லை. பாஸ்போட் எங்கே எடுப்பது? எந்த அரசிடமிருந்து தப்பி வந்தானோ அந்த அரசின் தூதரகத்தில். பாஸ்போட் கொண்டுபோய்க் கொடுத்தால்? திருப்பி அனுப்ப இப்போது தடையில்லை. இதைவிடச் சுத்தமான இரட்டைக் கட்டை எந்தத் தாயும் பிள்ளைக்குப் போட்டிருக்க முடியாது.

ஆக, எல்லாப் பள்ளிகளிலும் எமக்கு எடுக்க ஏதோ இருக்கிறது. எந்தப் பள்ளியும் எம்மைப் போன்றவனை நினைத்துக் கட்டப்படவில்லை. அவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு எதிர்பார்ப்பு உண்டு: நடந்தது நடந்து முடிந்துவிட்டது, இனி நோயாளி பாதுகாப்பான அறையில் இருக்கிறான். எமக்கு அந்த 'இனி' இன்னும் தரப்படவில்லை.

இந்த இடத்தில்தான் கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழகத்தாரைப் பற்றிச் சொல்லவேண்டும். மகி ஷவர், பிராங்க் நொய்னர், தோமஸ் எல்பேர்ட் என்பவர்கள் போர் நடக்கும் இடங்களிலும் அகதி முகாம்களிலும் பயன்படுத்தவென்றே ஒரு முறையை உருவாக்கினார்கள். கைநூல் 2005 இல் வந்தது. தரையில் ஒரு கயிறு. அது வாழ்க்கை. நல்லது நடந்த இடங்களில் பூ, கெட்டது நடந்த இடங்களில் கல். பிறகு பிறந்ததிலிருந்து வரிசையாகக் கதையைச் சொல்லி எழுதி, கடைசியில் எழுதியதை அவரிடமே கொடுப்பார்கள். சிலியில் பினோச்சேயின் கொடுங்கோன்மைக் காலத்தில் சாட்சியத்தையே சிகிச்சையாக்கிய முறையிலிருந்து இதற்கு ஒரு வேர் வருகிறது. கொடுமையின்போது மனம் இரண்டு விதமாகப் பதிகிறது என்பது இதன் கோட்பாடு. சூடான நினைவு: மணம், சத்தம், நெஞ்சிடி. குளிர்ந்த நினைவு: எந்த நாள், எந்த இடம், எதற்குப் பிறகு எது. சூடானது தனியே கிடந்து கொதிக்கிறது, குளிர்ந்தது அதோடு இணையவில்லை. எமது குசினியிலும் சூட்டுப் பக்கம், குளிர்ப் பக்கம் என்று இரண்டு உண்டு. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கோப்பையில் சேராவிட்டால் சாப்பாடு வெளியே போகாது. அதனால் இக்கோட்பாடு எமக்கு உடனே விளங்கியது.

இவர்கள் எமது மண்ணுக்கும் வந்தார்கள். 2004 மார்கழிச் சுனாமிக்குப் பின் வடகிழக்கின் ஒரு அகதி முகாமில், எட்டு முதல் பதினான்கு வயதான 31 பிள்ளைகள். ஒரு பகுதிக்கு இந்தக் கதைசொல்லும் முறை, மறு பகுதிக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும், ஆறு ஆறு அமர்வுகள். 2009 இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதத்தின் பின் முதலாவதில் 81 வீதமும் இரண்டாவதில் 71 வீதமும் மீண்டிருந்தார்கள். சிறிய ஆய்வு, இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றே எழுதினார்கள். 'எங்களுக்குக் கோயில் இருக்கு, உந்த வெள்ளைக்காரன்ரை வைத்தியம் எதுக்கு' என்று கேட்பவர்கள் இதைத் தூக்கிப்பிடிக்க வேண்டாம். அங்கே தியானம் வேலை செய்தது, பிள்ளைகளுக்கு வருத்தம் இருக்கிறது என்று ஒருவர் ஏற்று, பக்கத்தில் இருந்து, ஆறு தடவை அதற்காகவே நேரம் ஒதுக்கியதால். நாம் எம்மவர் ஒருவருக்கு ஆறு மணித்தியாலம் ஒதுக்கியிருக்கிறோமா? அந்த ஆய்வு வெளியான அதே 2009 இல் வடக்கு எப்படி இருந்தது என்பது வாசகருக்குத் தெரியும். அந்த 31 பேரும் அப்போது எங்கே இருந்தார்கள்?

அண்ணையின் சிகிச்சையாளரும் கயிறுதான் விரிக்கிறார். மொழிபெயர்க்கப் போவது நாம். ஏனென்றால் காப்புறுதி மொழிபெயர்ப்பாளருக்குக் காசு கொடுக்காது. கதைப்பதால் சுகப்படுத்தும் சிகிச்சைக்குக் காசு உண்டு, கதைப்பதற்கான மொழிக்கு இல்லை! இதைச் சட்டத்தில் சேர்ப்பதாக 2021 இல் பதவிக்கு வந்த கூட்டரசு எழுதியே கொடுத்தது. 2024 கார்த்திகையில் கூட்டு உடைந்தது, எழுதியது எழுதியபடி கிடந்தது. ஆகவே திங்கட்கிழமை, றெஸ்ரோறன்ற் பூட்டும் நாளில், பயிற்சியில்லாத நாம் போய் நடுவில் இருக்கிறோம்.

மொழிபெயர்ப்பது என்றால் என்னவென்று அங்கேதான் படித்தோம். எங்கள் ஊரில் 'பேசுவது' என்றால் ஏசுவது. 'கதைப்பது'தான் பேசுவது. சிகிச்சையாளர் "என்னோடு பேசுங்கள்" என்று கேட்டதை அப்படியே சொல்லியிருந்தால் அண்ணை எழும்பிப் போயிருப்பார். "எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்டால், அம்மாவுக்கு முழங்கால் ஏலாது என்று பதில் வரும். அவர் கேள்வியைத் தவிர்க்கிறார் என்று சிகிச்சையாளர் குறித்துக்கொண்டார். நாம் குறுக்கிட்டோம். தவிர்க்கவில்லை, அதுதான் பதில். யாழ்ப்பாணத்தின் மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். தமிழில் 1993 இல் 'மனவடு', ஆங்கிலத்தில் 1998 இல் ஒரு நூல், 2007 இல் கூட்டு மனவடு பற்றிய கட்டுரை. எமது சமூகத்தில் காயப்படுவது தனி ஆள் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் ஒன்றையொன்று நம்புகிற நம்பிக்கையும்தான் என்பது அவர் வாதம். மேற்கின் பள்ளிகள் பெரும்பாலும் 'நான்' என்பதிலிருந்து தொடங்குகின்றன. அண்ணைக்கு அந்தச் சொல் வாயில் வருவதே இல்லை. 'நாங்கள் மாத்தளனுக்குப் போனனாங்கள்' என்றுதான் வரும். அந்த 'நாங்கள்' ஆறு பேர். இப்போது இரண்டு பேர்.

ஒரு திங்கள் அவர் வலைஞர்மடத்தில் பதுங்குகுழி மூடியதைச் சொன்னார். நாம் டொச்சில் சொல்லத் தொடங்கி இடையில் நின்றுவிட்டோம். அந்த மண்ணின் மணம் எமக்கும் தெரியும். எமக்கு அப்போது பத்தொன்பது வயது. சிகிச்சையாளர் எம்மைப் பார்த்து, உங்களுக்கு இடைவேளை வேண்டுமா என்று கேட்டார். அன்றிரவு நாம் நித்திரை கொள்ளவில்லை. செவ்வாய் காலை பத்து மணிக்கு வேலை. இதற்குப் பணம் மிச்சம் பிடித்ததாகக் காப்புறுதி எங்கோ ஒரு கணக்கில் எழுதிக்கொள்ளும்.

இதே கதையை அண்ணை வேறொரு மேசையிலும் சொல்லியிருக்கிறார். தஞ்ச விசாரணையில். முதலில் மாத்தளன் என்றார், பிறகு வலைஞர்மடம் என்றார். இரண்டுக்கும் இடையில் சில கிலோமீற்றர். சுதந்திரபுரம், மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்று சனம் ஒதுங்கிக்கொண்டே போன அந்த மாதங்களில் யாரிடம் கலண்டர் இருந்தது? "அப்படியே ஏங்கிப் போனன்" என்றாராம். பயத்தில் விறைத்துப்போனேன் என்று அர்த்தம். மொழிபெயர்த்தவர் எங்கள் பக்கத்துத் தமிழ் தெரியாதவர், ஏக்கம் என்று எடுத்து, அவர் எதற்காகவோ ஆசைப்பட்டதாக எழுத்தில் வந்திருக்கிறது. முடிவு: முரண்பாடு, விபரமின்மை, நம்பத்தக்கதல்ல.

சூடான நினைவில் தேதி இருக்காது என்று ஜேர்மன் பல்கலைக்கழகம் ஒன்று உலகத்துக்குப் படிப்பிக்கிறது. தேதி இல்லாவிட்டால் பொய் என்று ஜேர்மன் அலுவலகம் ஒன்று எழுதுகிறது. கதை துண்டு துண்டாக வருவது ஒரு மேசையில் நோய்க்கு அடையாளம், மறு மேசையில் நடிப்புக்கு அடையாளம்.

சிகிச்சையாளரின் கடிதத்தைக் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். 1999 இலிருந்து உளவியல் படித்த சிகிச்சையாளர்களுக்கு அரசே அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. நோயைக் கண்டறியலாம், சிகிச்சை செய்யலாம். ஆனால் நாடுகடத்தலைத் தடுக்கும் நோய்ச் சான்றிதழை மருத்துவம் படித்த வைத்தியர் மட்டுமே தரலாம் என்று 2016 இல் சட்டம் வந்தது. அச்சட்டத்தின் விளக்கவுரை மனவடு நோயையே பெயர் சொல்லிக் குறிப்பிட்டது: பொதுவாக அது நாடுகடத்தலைத் தடுக்கும் அளவுக்குப் பாரதூரமானதாகக் கருதப்படமாட்டாதாம். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் தெருவில் நின்று போராடியதாலும், 1980 இல் அமெரிக்க மனநோய் வைத்தியர்களின் பட்டியலில் ஏறியது அந்த நோய். காரணம் வெளியே இருக்கிறது என்று வரைவிலக்கணத்திலேயே ஒத்துக்கொண்ட நோய். 1916 இல் ஒப்பன்ஹைமைத் தோற்கடித்தவர்களுக்கு இன்று உயிர் இருந்திருந்தால் 2016 இன் விளக்கவுரையைப் படித்துத் தலையாட்டியிருப்பார்கள்.

புதிதாக வருகிறவனின் நிலை இதிலும் மோசம். 1993 இன் தஞ்சம் கோருவோர் சட்டப்படி ஆரம்ப காலத்தில் திடீர் நோய்க்கும் நோவுக்கும் வைத்தியம் உண்டு, அதற்கு மேலானவை அலுவலகத்தின் மனதைப் பொறுத்தது. அந்த ஆரம்ப காலம் 2015 இல் 15 மாதம், 2019 இல் 18 மாதம், 2024 பெப்ரவரியில் 36 மாதமாக நீட்டப்பட்டது. மூன்று வருடம் மனம் பொறுத்திருக்க வேண்டும். அகதிகளுக்கான உளச்சமூக நிலையங்கள் 1980களிலிருந்து இங்கே இயங்குகின்றன. மொழிபெயர்ப்பாளரோடு வேலை செய்யத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். நன்கொடையிலும் வருடாவருடம் எழுதிக் கேட்கும் நிதியிலும் ஓடுகிறார்கள். வாசலில் காத்திருப்போர் பட்டியல்.

இவ்வளவையும் அரசின் தலையில் கட்டிவிட்டு நாம் தப்பிவிட முடியாது. 'விசர்' என்ற ஒரு சொல்லால் எத்தனை கதவுகளை நாமே பூட்டியிருக்கிறோம். கலியாணம் குழம்பும் என்று தங்கையின் குளிசையை மறைக்கும் குடும்பங்கள், செய்வினை என்று நூல்கட்டக் கூட்டிப்போகிறவர்கள், குடித்துவிட்டு மனைவியை அடிப்பவனை 'அவன் கஷ்டப்பட்டவன்' என்று மன்னிக்கிறவர்கள். கோயில் தேருக்கும் கலைவிழாவுக்கும் காசு சேர்க்கத் தெரிந்த சங்கங்களில் ஒன்றாவது, டொச்சும் எங்கள் தமிழும் தெரிந்த, இங்கே பிறந்த நாலு பிள்ளைகளை இந்த மொழிபெயர்ப்புக்குப் பயிற்றுவிப்போம் என்று தீர்மானம் போட்டதா? அந்தப் பிள்ளைகளுக்கு வலைஞர்மடத்தின் மணம் தெரியாது. அதனாலேயே அவர்கள் எம்மைவிட நன்றாக மொழிபெயர்ப்பார்கள்.

பீட்சா அடுப்பு நண்பரிடம் இக்கட்டுரையின் கைப்பிரதியை வாசித்துக் காட்டினோம். கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எனக்கும் ரெண்டு மணிக்குப் பிறகு நித்திரை வாறேல்லை. அது வேலையாலை எண்டு நினைச்சன்" என்றார். அவரிடம் கார்ட் இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக இருக்கிறது.

அண்ணையின் மேன்முறையீடு நிர்வாக நீதிமன்றத்தில் கிடக்கிறது. திங்கள் பதினொரு மணிக்கு அடுத்த அமர்வு. கயிற்றில் 2009 மாசி வரைக்கும் வந்திருக்கிறோம்.